டிராக்கோ மல்ஃபோய் குற்றவாளியா? 16 வயதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

அவனுக்கு வயது 16. அப்பா சிறையில். அம்மா வீட்டில் பயந்துபோய் இருக்கிறார். அப்பா சேர்ந்திருந்த கும்பலின் தலைவன் அவனைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுக்கிறான். பள்ளித் தலைமையாசிரியரைக் கொல்ல வேண்டும். செய்யாவிட்டால் அவனும் சாவான், குடும்பமும் சாகும்.

அவன் முயற்சி செய்கிறான். 2 முறை குறி தவறுகிறது. 2 முறையும் இதில் சம்பந்தமே இல்லாத சக மாணவர்கள் செத்துப் பிழைக்கிறார்கள்.

ஹாரி பாட்டர் படிச்சவங்களுக்கு இந்நேரம் ஆள் யார்னு தெரிஞ்சிருக்கும். டிராக்கோ மல்ஃபோய். வெளிறிய முடி, ஏளனச் சிரிப்பு, முதல் புத்தகத்திலிருந்தே நாம் வெறுக்கப் பழகிய பையன்.

ஆனால் ஒரு கேள்வியை யோசிச்சுப் பாருங்க. கதை முடிந்த மறுநாள் காவல்துறை அவனைக் கைது செய்து, ஒரு சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருக்குமா? "பாவம், சின்னப் பையன், மிரட்டிட்டாங்க" என்று விட்டிருப்பார்களா?

கேள்வி கற்பனையானதுதான். ஆனால் பதில் சொல்ல நாம் எடுக்கும் சட்டம் நிஜமானது. அதே சட்டம் உங்களுக்கும் உங்கள் வகுப்பில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

(கதையை இன்னும் படிக்காதவர்கள் கவனிக்க: முக்கியத் திருப்பங்கள் எல்லாம் கீழே வருகின்றன.)

முதலில், அவன் செய்தது என்ன?

2005ஆம் ஆண்டு வெளிவந்த 6ஆவது புத்தகத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது. கதை நடக்கும் காலம் 1996-97.

1. சாபம் வைத்த ஒரு கழுத்தணியைத் தலைமையாசிரியர் டம்பிள்டோருக்கு அனுப்பப் பார்க்கிறான். வழியில் கேட்டி பெல் என்ற மாணவியின் விரல் அதில் பட்டுவிடுகிறது. பல மாதங்கள் அவர் மருத்துவமனையில் இருக்க நேர்கிறது.

2. விஷம் கலந்த மதுவை அனுப்புகிறான். அது டம்பிள்டோரிடம் போய்ச் சேரவில்லை. ரான் வீஸ்லி குடித்துவிடுகிறார். ஹாரி சமயத்தில் மாற்று மருந்து கொடுத்ததால்தான் ரான் பிழைக்கிறார்.

3. இந்த வேலைக்காக ரோஸ்மெர்ட்டா என்ற விடுதிக்காரப் பெண்ணின் மனத்தை மந்திரத்தால் கட்டிப்போடுகிறான். என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல் அவர் அவனுக்கு வேலை செய்கிறார்.

4. பழுதடைந்த ஒரு மாய அலமாரியைச் சரிசெய்து, அதன் வழியாகக் கொலைகாரக் கும்பலைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறான்.

5. கடைசியில் கோபுரத்தின் உச்சியில், ஆயுதம் இல்லாமல் நிற்கும் டம்பிள்டோரை நோக்கி மந்திரக்கோலை நீட்டுகிறான். ஆனால் கொல்ல முடியவில்லை. கை தாழ்கிறது. கொன்றவர் ஸ்னேப்.

மந்திரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் பட்டியல் தெளிவு. 2 கொலை முயற்சி. ஒருவரை மிரட்டாமலேயே அடிமையாக்கியது. கொலைக்கு வழி திறந்துவிட்டது.

"ஆனா அவன் கேட்டியையும் ரானையும் கொல்ல நினைக்கலையே?" என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்துக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவரைக் கொல்ல நினைத்து வைத்த விஷத்தை வேறொருவர் குடித்து இறந்தால், அதுவும் கொலைதான். சிங்கப்பூர், மலேசியத் தண்டனைச் சட்டங்களில் 301ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. குறி தவறினால் குற்றம் குறைந்துவிடாது.

வயது என்ன சொல்கிறது?

பிள்ளைகள் செய்த குற்றம் என்று வரும்போது சட்டம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: எத்தனை வயது?

சிங்கப்பூரில் 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எதைச் செய்தாலும் அது குற்றமாகாது. இது முன்பு 7 வயதாக இருந்தது. பின்னர் 10 ஆனது. மலேசியாவிலும் எல்லை 10 வயதுதான்.

10 வயதைத் தாண்டி 12 வயதை எட்டாத பிள்ளைகளுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. தான் செய்வது என்ன, அதன் விளைவு என்ன என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். இல்லையென்றால் குற்றம் இல்லை.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து. சிங்கப்பூர், மலேசியச் சட்டங்கள் அதைப் பின்பற்றி எழுதப்பட்டவை. அதனால்தான் பிரிவு எண்கள்கூட ஒன்றாக இருக்கின்றன. 82ஆவது பிரிவு குறைந்தபட்ச வயது. 83ஆவது பிரிவு முதிர்ச்சி.

டிராக்கோவின் ஊர்? இங்கிலாந்தில் எல்லை 10. ஹாக்வர்ட்ஸ் பள்ளி இருப்பதோ ஸ்காட்லந்தில் என்று எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங் சொல்லியிருக்கிறார். ஸ்காட்லந்தில் அந்தக் காலத்தில் எல்லை 8 வயது! ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த எல்லைகளில் ஒன்று. 2019ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டம் 2021 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது அது 12 ஆனது.

பிள்ளைகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டுக் குழு என்ன சொல்கிறது? எல்லை குறைந்தது 14 ஆக இருக்க வேண்டும் என்று 2019இல் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

8, 10, 12, 14. எதை எடுத்தாலும் டிராக்கோ தப்ப முடியாது. அவன் பிறந்தது 1980 ஜூன் 5. கழுத்தணியும் விஷமும் அனுப்பியபோது வயது 16. கோபுரத்தில் நின்றபோது 17 ஆகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மந்திர உலகச் சட்டப்படி 17 வயது வந்தால் பெரியவர். நம் சட்டப்படி அப்போதும் 18 ஆகவில்லை.

இது ஏன் முக்கியம்? சிங்கப்பூரில் குற்றம் செய்தபோது 18 வயது ஆகாதவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. மலேசியாவிலும் 2001ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி முடியாது. ஆனால் சிங்கப்பூரின் இளையர் நீதிமன்றம் பொதுவாக 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத்தான். 16 முடிந்தால் பெரியவர்கள் போகும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆக, 16 வயது ஓர் இடைநிலை. தூக்கிலிட முடியாத அளவுக்குப் பிள்ளை. பதில் சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரியவர்.

அதே 16 வயது, வேறு கதை

வயது மட்டும் போதுமா? அதே கதையில் இன்னொரு 16 வயதுப் பையன் இருக்கிறான். டாம் ரிடில். பின்னாளில் வால்டமோர்ட் ஆனவன்.

16 வயதில் அவன் தன் சொந்த அப்பாவையும் தாத்தா, பாட்டியையும் கொல்கிறான். பிறகு தன் தாய்மாமன்தான் கொன்றார் என்று அவரையே நம்பவைத்துச் சிறைக்கு அனுப்புகிறான்.

யாரும் அவனை மிரட்டவில்லை. யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. பழியை இன்னொருவர் மேல் போடத் தெரிந்தது என்றால், செய்தது தப்பு என்றும் தெரிந்திருக்கிறது. நீதிமன்றங்கள் இதைக் கவனிக்கும். தடயத்தை மறைத்தது, பொய் சொன்னது, பழியைத் திருப்பியது எல்லாம் புரிந்துதான் செய்தார் என்பதற்கு அடையாளங்கள்.

"அவனுக்கு அம்மா இல்லை, ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தான், அன்பே கிடைக்கலை" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது அவன் ஏன் அப்படி ஆனான் என்பதை விளக்குகிறது. அவன் மேல் பொறுப்பு இல்லை என்று ஆக்கிவிடாது. அதே கதையில் ஹாரியும் பெற்றோர் இல்லாமல், மாடிப்படிக்குக் கீழே படுத்து வளர்ந்தவன்தானே?

2 பேருக்கும் 16 வயது. ஆனால் 2 பேரும் ஒன்றா? இல்லை என்றுதான் நம் மனம் சொல்கிறது. அந்த வித்தியாசத்துக்குப் பெயர் மிரட்டல்.

"மிரட்டினாங்க, செஞ்சேன்." சட்டம் ஏற்குமா?

ஓரளவுக்கு ஏற்கும். 94ஆவது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. ஒருவர் மிரட்டலுக்குப் பயந்து ஒரு செயலைச் செய்தால் அது குற்றம் இல்லை என்று அது சொல்கிறது. ஆனால் அதற்கு 3 பூட்டுகள் போட்டிருக்கிறது.

முதல் பூட்டு: கொலைக்கு இது செல்லாது. உன் உயிரைக் காப்பாற்ற இன்னொருவர் உயிரை எடுக்கக்கூடாது.

2ஆவது பூட்டு: மிரட்டல் உடனடி மரணத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். இப்போதே செய்யாவிட்டால் இப்போதே சாவு என்று நியாயமாக நம்பும் நிலை. கழுத்தில் கத்தி என்பார்களே, அது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன் என்பது போதாது.

3ஆவது பூட்டு: அந்தச் சிக்கலுக்குள் நீங்களே விரும்பிப் போய் மாட்டியிருக்கக்கூடாது. தெரிந்தே ஒரு கும்பலில் சேர்ந்துவிட்டு, பிறகு கும்பல் மிரட்டியது என்று சொல்ல முடியாது.

இப்போது டிராக்கோவைப் பாருங்கள்.

கோபுரத்தில் அவன் கொல்லவில்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் கொன்றார்கள். அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் அந்தக் கொலையில் அவனுக்கும் பங்கு உண்டு என்பார். தற்காப்பு வழக்கறிஞர், கடைசி நொடியில் அவன் பின்வாங்கிவிட்டான் என்பார். இதுவரை வாதம் சமம்.

2ஆவது பூட்டில்தான் அவன் பெரிதாகச் சிக்குகிறான். அவனுக்குக் கிடைத்தது ஒரு பள்ளி ஆண்டு முழுக்க. அக்டோபரில் கழுத்தணி. மார்ச்சில் விஷம். நடுவில் எத்தனையோ நாள்கள் அவன் டம்பிள்டோர் இருந்த அதே கட்டடத்தில்தான் தூங்கி எழுந்தான். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னையும் உன் அம்மாவையும் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறேன் என்று டம்பிள்டோரே கோபுரத்தில் அவனிடம் சொல்கிறார். தப்பிக்க வழி இருந்தது. அவன் போகவில்லை.

3ஆவது பூட்டும் அவனுக்குச் சாதகமாக இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் அவன் பயந்தா இருந்தான்? பெருமையில் மிதந்தான். ரயிலில் நண்பர்களிடம் தனக்குப் பெரிய வேலை வந்திருக்கிறது என்று ஜம்பம் அடித்தான். பயம் வந்தது பிறகுதான்.

சட்டத்தின் எழுத்தை அப்படியே பிடித்தால், டிராக்கோவின் தற்காப்பு தோற்கும்.

நிஜத்திலேயே வந்த வழக்கு

இதெல்லாம் கதைக்காகச் செய்த கற்பனை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் ஆக உயர்ந்த நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபைக்கு 1992இல் ஒரு வழக்கு வந்தது.

ஓர் அப்பா தன் 16 வயது மகனிடம், அம்மாவைக் கொல், இல்லாவிட்டால் உன்னைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். மகன் அம்மாவைக் கத்தியால் குத்தினான். அம்மா பலத்த காயத்தோடு பிழைத்துக்கொண்டார். மகன் மேல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு.

கொலைக்கு மிரட்டல் ஒரு தற்காப்பு அல்ல என்று 1987இலேயே அங்கு தீர்ப்பு வந்துவிட்டது. கொலை முயற்சிக்கு? 5 நீதிபதிகளில் 3 பேர் செல்லாது என்றார்கள். 2 பேர் மறுத்தார்கள். பையன் குற்றவாளிதான்.

இதோடு கதை முடியவில்லை. அவனுக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? சிறை இல்லை. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு.

இதை இன்னொரு முறை படிச்சுப் பாருங்க. நீதிமன்றம் ஒரே நேரத்தில் 2 விஷயங்களைச் சொன்னது. நீ செய்தது குற்றம். ஆனால் உன்னைச் சிறையில் போடுவது நியாயம் இல்லை.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. 2007இல் வந்த இன்னொரு வழக்கில், தன் அப்பாவுக்குப் பயந்து கொலைக்கு உதவியதாகச் சொன்ன 13 வயதுப் பையனின் மேல்முறையீட்டையும் இங்கிலாந்து நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 13 வயதுப் பிள்ளைக்குக்கூட வழிவிடாத சட்டம் சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டில், கொலை வழக்கிலும் மிரட்டலைத் தற்காப்பாக ஏற்கலாம் என்று இங்கிலாந்தின் சட்ட ஆணையம் பரிந்துரைத்திருந்தது. அது சட்டமாகவில்லை.

16 வயது மூளை எப்படி வேலை செய்கிறது?

மேலே சொன்ன 3 பூட்டுகளையும் செய்தவர்கள் பெரியவர்களை மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள். நிதானமான ஒருவர் தப்பிக்கும் வழியைத் தேடுவார், உதவி கேட்பார், கும்பலை விட்டு விலகுவார் என்று சட்டம் எதிர்பார்க்கிறது.

பதின்ம வயதில் அது எவ்வளவு சாத்தியம்?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் திட்டமிடவும், அவசரத்தை அடக்கவும், பின்விளைவை எடைபோடவும் உதவுகிறது. அது 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உணர்ச்சியையும் உற்சாகத்தையும் கிளப்பும் பகுதிகளோ அதற்கு முன்பே வேகம் எடுத்துவிடுகின்றன. வண்டி வேகமாகப் போகுது, பிரேக் இன்னும் முழுசாப் பொருத்தலை. கூட்டாளிகள் பார்க்கும்போது அந்த வேகம் இன்னும் கூடும்.

அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 2005இல், 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தது. பதின்ம வயதினர் மற்றவர்களின் தாக்கத்துக்கு எளிதில் ஆளாவார்கள், அவர்களின் குணம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் அடங்கும்.

ஆனால் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். மூளை இன்னும் வளர்கிறது என்றால், ஒன்றும் புரியாது என்று பொருள் அல்ல. 16 வயதில் ஆளைக் கொல்வது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? டிராக்கோவுக்கும் தெரியும். அதனால்தான் குளியலறையில் தனியாக நின்று அழுதான். தெரிவதும், பயத்துக்கு நடுவில் தெரிந்தபடி நடப்பதும் வேறு வேறு. இளம் வயதில் தடுமாறுவது அந்த 2ஆவது இடத்தில்தான்.

அவன் எங்கு வளர்ந்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் கேட்டது வெறுப்புப் பேச்சு. அப்பா கும்பல் ஆள். சித்தப்பா, பெரியப்பா மாதிரி வந்துபோனவர்களும் கும்பல் ஆட்கள். அவன் விரும்பித்தானே சேர்ந்தான் என்று கேட்கும்போது, அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் தோற்க வேண்டும் என்றே, அப்பாவைப் பழிவாங்கவே வால்டமோர்ட் அந்த வேலையைக் கொடுத்தான் என்பதும் கதையிலேயே இருக்கிறது. பெரியவர்களின் சண்டையில் பிள்ளை பகடைக்காய்.

அப்போ கேட்டி பெல்?

டிராக்கோவைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துபோகும் பெயர் ஒன்று உண்டு. கேட்டி பெல்.

அவர் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. விடுமுறை நாளில் தோழியோடு வெளியே போனார். பல மாதப் படிப்பு போனது. உயிர் போயிருக்கலாம். கையுறையில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக விரல் பட்டதோடு நின்றதால்தான் பிழைத்தார். கையுறையே இல்லாமல் பிடித்திருந்தால்?

டிராக்கோ பாவம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கேட்டியின் அப்பா, அம்மா முன்னால் நின்று அதைச் சொல்ல முடியுமா என்று யோசிக்க வேண்டும். குற்றம் என்று நீதிமன்றம் அறிவிப்பது குற்றவாளியைத் தண்டிக்க மட்டும் அல்ல. உங்கள் மகளுக்கு நடந்தது தற்செயல் இல்லை, அது அநியாயம், அதற்கு ஒருவர் பொறுப்பு என்று பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்வதற்கும்தான்.

கழுத்தணி குறி தவறிய பிறகு அவன் நிறுத்தியிருக்கலாம் என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரு மாணவி சாகக் கிடந்தது தெரிந்த பிறகும் விஷத்தை அனுப்பினான். முதல் முறைக்குச் சொல்லும் சாக்கு 2ஆவது முறைக்கு அவ்வளவு எடுபடாது.

பொறுப்பு வேறு, தண்டனை வேறு

நம் பேச்சில் இந்த 2 விஷயமும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. சட்டம் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. முதல் கேள்வி, செய்தது குற்றமா? 2ஆவது கேள்வி, அப்படியானால் என்ன செய்வது?

முதல் கேள்வியில் வயதுக்கும் மிரட்டலுக்கும் இடம் குறைவு. 2ஆவது கேள்வியில் இடம் அதிகம்.

சிங்கப்பூரில் கொலை முயற்சியில் காயம் ஏற்பட்டால் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்றால், அவர்களைத் திருத்த முடியுமா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக முதலில் பார்க்கின்றன. அதற்கு வழிகளும் உண்டு.

நன்னடத்தைக் கண்காணிப்பு: வீட்டில் இருந்தபடியே, அதிகாரி ஒருவரின் கண்காணிப்பில், நிபந்தனைகளோடு. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை.

சீர்திருத்தப் பயிற்சி: ஒரு நிலையத்தில் தடுத்துவைத்து, கட்டுப்பாடான சூழலில் படிப்பு, ஆலோசனை, பயிற்சி. குறைந்தது 6 அல்லது 12 மாதம் உள்ளே. பிறகு வெளியில் கண்காணிப்பு.

குற்றம் மிகக் கடுமையானது என்றால் இவற்றைத் தாண்டிச் சிறைக்கும் போகும். 2021இல் சிங்கப்பூர்ப் பள்ளி ஒன்றில் நடந்த துயரம் பலருக்கு நினைவிருக்கும். சக மாணவரின் மரணத்துக்குக் காரணமான பையனுக்கு அப்போது வயது 16. கொலைக் குற்றச்சாட்டு பின்னர், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்டது. மனச்சோர்வு நோயால் அவரது பொறுப்பு குறைந்திருந்தது என்பது காரணம். 2023இல் 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதில் ஒரு குடும்பம் பிள்ளையை இழந்தது. கதைப் புத்தகத்தைப் போல அதை மூடிவைத்துவிட முடியாது.

ஸ்காட்லந்து வேறொரு வழியை 1971 முதல் வைத்திருக்கிறது. பிள்ளை தவறு செய்தாலும், பிள்ளைக்குத் தவறு இழைக்கப்பட்டாலும், பெரும்பாலும் ஒரே குழுவின் முன்தான் வருகிறது. இந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பதே அங்கே முதல் கேள்வி. மிகக் கடுமையான குற்றங்கள் அங்கும் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

சரி, இது எனக்கு எதுக்கு?

வால்டமோர்ட் வேறு பெயர்களில் இங்கேயும் இருக்கிறான்.

கடன்முதலைகள் இளையர்களைப் பிடித்து, கடன் வாங்கியவர் வீட்டுக் கதவில் சாயம் ஊற்றச் சொல்கிறார்கள். மோசடிக் கும்பல்கள் உங்கள் வங்கிக் கணக்கையும் சிங்பாஸ் விவரத்தையும் சில நூறு வெள்ளிக்குக் கேட்கின்றன. முதலில் சின்ன வேலை, நல்ல காசு, கூட்டாளிகள் மத்தியில் கெத்து. டிராக்கோ ரயிலில் ஜம்பம் அடித்த கட்டம் அது. பிறகு நிறுத்தப் பார்த்தால், உன் அடையாள அட்டைப் படம் எங்களிடம் இருக்கு, வீடு எங்கே என்று தெரியும் என்பார்கள். அவன் குளியலறையில் அழுத கட்டம் இது.

அந்தக் கட்டத்தில் 94ஆவது பிரிவு உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். உங்கள் கழுத்தில் கத்தி இல்லை, உங்கள் கையில் கைப்பேசி இருந்தது, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கேட்கும். கடன்முதலைக்காகத் தொல்லை கொடுத்தால் சிறை, அபராதம், பிரம்படி வரை தண்டனை உண்டு.

டிராக்கோவின் கதையில் மிக வருத்தமான விஷயம், உதவி அதே கட்டடத்தில் இருந்ததுதான். டம்பிள்டோருக்கு எல்லாம் முன்பே தெரியும். பையன் வந்து கேட்பான் என்று காத்திருந்தார். பையனோ, சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தான்.

சொன்னால் திட்டுவார்கள்தான். கொஞ்ச நாள் வீட்டில் முகம்கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் முதல் வாரத்தில் சொல்வதற்கும், யாராவது காயப்பட்ட பிறகு மாட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் பல ஆண்டுகள். பள்ளி ஆலோசகர், நம்பும் ஆசிரியர், அக்கா, மாமா, யாராக இருந்தாலும் சரி. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பையன் மெலிந்துபோகிறான், படிப்பில் சரிகிறான், தனியாக ஒதுங்குகிறான் என்றால் அவன் திமிர் பிடித்தவன் என்று முடிவுகட்டும் முன் ஒரு முறை கேட்கலாம். டம்பிள்டோர் காத்திருந்தது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்தக் காத்திருப்புக்குக் கேட்டியும் ரானும் விலை கொடுத்தார்கள்.

அப்போ தீர்ப்பு என்ன?

கதையில் டிராக்கோ சிறைக்குப் போகவில்லை. போர் முடிந்ததும் அப்பா, அம்மாவோடு என்ன செய்வதென்று தெரியாமல் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறான். பல ஆண்டுகள் கழித்து ரயில் நிலையத்தில் தன் மகனை வழியனுப்ப நிற்கிறான். நடுவில் யாரும் அவனிடம் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அது சரியா? கேட்டிக்கும் ரானுக்கும் பதில் சொல்லாமல் அவனை வீட்டுக்கு அனுப்புவது நீதி ஆகாது. அவனை வால்டமோர்ட்டுக்குப் பக்கத்துச் சிறை அறையில் போட்டிருந்தால் அதுவும் நீதி ஆகியிருக்காது.

சட்டப்படி பார்த்தால், கழுத்தணிக்கும் விஷத்துக்கும் அவன் குற்றவாளி என்றே பெரும்பாலும் தீர்ப்பு வரும். 16 வயது, வளர்ந்த வீடு, மிரட்டல், கடைசியில் தாழ்ந்த கை, இவை எல்லாம் அவனை என்ன செய்வது என்ற இடத்தில் எடைபோடப்படும். 1992இல் அந்த இங்கிலாந்துப் பையனுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

நீங்கள் நீதிபதியாக இருந்தால் எங்கே கோடு போடுவீர்கள்? பதில் சொல்லும் முன் 2 நாற்காலிகளிலும் உட்கார்ந்து பாருங்கள். ஒன்று டிராக்கோவின் அம்மா உட்கார்ந்த நாற்காலி. இன்னொன்று கேட்டியின் அம்மா உட்கார்ந்த நாற்காலி. 2 பேரிடமும் முகம் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு தீர்ப்பு கிடைத்தால், அநேகமாக அதுதான் சரியான தீர்ப்பு.